மரம் மாதிரி

அண்ணனைக் குடும்பத்தில் எல்லாரும் முதுகுக்குப் பின்னால் 'நிபுணர்' என்றுதான் சொல்வார்கள். பெயர் வைத்தவள் தங்கை. எந்தக் கடைக்குப் போனாலும் கடைக்காரனுக்கே பாடம் எடுப்பார். அவர் வாங்கிவந்த சாமான் மட்டும் சீக்கிரமே பல்லை இளித்துவிடும்.

வீட்டின் மாடி மேற்குப் பார்த்தது. அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஓர் அறை, தங்கைக்கு ஓர் அறை. இரண்டிலும் ஜன்னல் கதவுகளைக் கறையான் அரித்துவிட்டது. தங்கை ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி நர்ஸ், பகலில்தான் தூக்கம். வெயில் முகத்தில் அடிக்கக் கூடாது, காற்று வர வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

புதுக் கதவு வாங்கப் போன கடையில் அண்ணன் ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், முகர்ந்துகூடப் பார்த்தார். கடைசியில் கரும்பழுப்பு நிறப் பிளாஸ்டிக் பலகை ஒன்றைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டார்.

"அப்படியே தேக்கு மாதிரி இருக்கு, பாத்தியா?"

"மாதிரி எதுக்குண்ணா? தேக்கையே வாங்கிடலாமே."

"மறுபடியும் கறையானுக்கு விருந்து வைக்கவா? இது லேட்டஸ்ட். உனக்குப் புரியாது."

"சார் சொல்றது நூத்துக்கு நூறு கரெக்ட்" என்றான் விற்பனையாள்.

"உங்க வீட்டுல இதானா போட்டிருக்கீங்க?" என்று தங்கை கேட்டாள்.

"வாடகை வீடு மேடம். ஓனர் பழைய போர்வையை மாட்டி விட்டுருக்காரு."

தங்கை ஒரு சாம்பிளை வாங்கிவந்து மொட்டை மாடி வெயிலில் வைத்து, மேலே ஒரு செங்கல்லையும் ஏற்றினாள். சாயங்காலம் பலகை நடுவில் குழிந்து கிடந்தது. அண்ணனிடம் காட்டினாள்.

அவர் அசரவில்லை. "சாம்பிளை மட்டும் மட்டமா பண்ணுவாங்க. ஓசியில குடுக்கறதுதானே."

தங்கை அண்ணியைப் பார்த்தாள். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். புருஷன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியே கழுத்துத் தேய்ந்தவள் என்று அவளைப் பற்றித் தங்கைக்கு ஒரு கணக்கு.

அண்ணன் அறைக்குப் பிளாஸ்டிக் வந்தது. தங்கை தன் அறைக்குச் சாய்வுப் பட்டைகள் வைத்த வெள்ளை அலுமினிய ஜன்னல் கதவு போட்டாள். "பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் மாதிரி இருக்கு" என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார். வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அவர் ஜன்னல் முன்னால் நின்று வாயைப் பிளந்தார்கள். தங்கையின் ஜன்னலை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. காற்று அடித்தால் அலுமினியம் கடகடவென்று ஆடியது. "என்ன, உன் கதவு ரொம்பப் பேசுது போல?" என்று அண்ணன் சீண்டினார். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்று சொல்லிவிட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்தாள். அவரிடம் தோற்பதைவிடச் செவிடாவது மேல்.

கோடை வந்தது. கரும்பழுப்புக் கதவு வெயிலை உறிஞ்சி வில்லாக வளைந்து, சட்டத்துக்குள் இறுகிக்கொண்டது. திறக்கவே முடியவில்லை. நட்ட நடுப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு, வேர்த்து விறுவிறுக்க உட்கார்ந்து அண்ணன் சொன்னார்: "பாத்தியா, காத்துகூடப் புகாது. அவ்வளவு டைட்டு!"

அண்ணி கீழே போனாள். சுத்தியலோடு வந்தாள். ஓங்கி அடித்த அடியில் தேக்கு மாதிரி இருந்தது பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. காதுப் பஞ்சையும் மீறிச் சத்தம் கேட்டுத் தங்கை ஓடிவந்தபோது அறைக்குள் வெளிச்சம் கொட்டிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறுத்திருந்தா மழைக் காலத்துல தானா நேராயிருக்கும்" என்றார் அண்ணன், பலவீனமாக.

"அதுவரைக்கும் நீங்க இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டு, அண்ணி தலையணையை எடுத்துக்கொண்டு தங்கையின் அறைக்கு வந்துவிட்டாள்.

கட்டிலில் உட்கார்ந்து வெள்ளைக் கதவையே பார்த்தாள். காற்றில் அது கடகடத்தது.

"இந்தச் சத்தத்துல எப்படித் தூங்கற?"

"பஞ்சு வச்சுக்கறேன் அண்ணி" என்று தங்கை முதல் தடவையாக உண்மையைச் சொன்னாள்.

அண்ணி எழுந்து கதவு ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "இங்க ரப்பர் பட்டை ஒட்டலையே. கடையில கேட்டா குடுத்திருப்பானே?"

"கேக்கலை. கேட்டா அண்ணன் சிரிப்பாரு."

"நல்ல அண்ணன், நல்ல தங்கச்சி!" அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "அவருக்காவது புத்தி இல்லைன்னு விட்டுடலாம். உனக்கென்ன கேடு?"

தங்கைக்குச் சுருக்கென்றது. எழுந்து செருப்பை மாட்டினாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடை மூடுவதற்குள் போக வேண்டும்.

"உங்க ஜன்னலுக்கும் அளவு எடுத்துடலாமா அண்ணி?"

"எடு. என்ன நிறம்னு மட்டும் அவர்கிட்ட கேட்டுத் தொலைச்சிடாதே."