படைக்காத சோறு

திருவண்ணாமலையில் மௌனத்துக்கு எப்போதுமே கிராக்கி ஜாஸ்தி. வாயை மூடிக்கொண்டு உட்காருவதற்காகவே கடல் தாண்டி வந்து, செங்கம் ரோட்டில் ரூம் எடுத்துத் தங்குகிறார்கள். ஆனால் மணிமொழியை வாயை மூடச் சொல்லி வந்தவனுக்கு ஞானத்தின் மேல் அக்கறை ஒன்றும் கிடையாது. அவன் பாலாஜி. அவள் சூப்பர்வைசராக வேலை பார்த்த கேட்டரிங் கம்பெனியின் முதலாளி அருண்பிரசாத்துக்கு மச்சான்.

"அக்கா, சட்டமே உங்களுக்கு அந்த உரிமையைக் குடுத்திருக்கு. உங்க மேல நீங்களே குத்தம் சொல்லிக்கணும்னு எவனும் கட்டாயப்படுத்த முடியாது. நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? நீங்க பேசாம இருங்க. மத்ததெல்லாம் மாமா பாத்துப்பாரு."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். மணிமொழி அவனுக்குக் காபி கொடுத்து அனுப்பினாள். பதில் கொடுக்கவில்லை.

விஷயம் இதுதான். கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்குப் பௌர்ணமிதோறும் அன்னதானம் போடும் ஆர்டர்களை அருண்பிரசாத் எடுத்துச் செய்து வந்தான். புண்ணியம் கொடுத்தவர்களுக்கு, லாபம் இவனுக்கு. வைகாசிப் பௌர்ணமியன்று மத்தியானக் கல்யாணத்தில் மீந்துபோன சோற்றை அண்டாவோடு கொண்டுவந்து இறக்கச் சொன்னான். சாயங்காலம் மூடியைத் திறந்தபோது குப்பென்று வாடை அடித்தது. மணிமொழி போன் போட்டாள்.

"புளிச்ச வாடைதானே? எலுமிச்சம்பழத்தை ஜாஸ்தியா புழிஞ்சு வுடு. நடந்து களைச்சு வர்றவன் மோந்து பாத்துட்டா துன்னப் போறான்?" என்றான் முதலாளி.

அந்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்ட பலர் விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கலசபாக்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகளோடு மலை சுற்ற வந்த பச்சையம்மாள் பிழைக்கவில்லை. அருண்பிரசாத், மணிமொழி, சமையல்காரர் கண்ணாயிரம் என்று மூன்று பேர் மேல் வழக்கு. கெட்டுப்போனது என்று தெரிந்தே போட்டார்களா, தெரியாமல் போட்டார்களா என்பதில்தான் வழக்கே நின்றது. தெரியாமல் என்றால் கவனக்குறைவு. தெரிந்தே என்றால் வருஷக்கணக்கில் ஜெயில். மூவரும் ஜாமீனில் வெளியே இருந்தார்கள்.

மணிமொழியின் வக்கீல் அருணாதேவிக்கு வேங்கிக்காலில் ஆபீஸ். அவர்தான் அப்ரூவர் ஆக, அதாவது அரசுத் தரப்புச் சாட்சியாக மாறச் சொன்னவர்.

"கோர்ட் உங்களுக்கு மன்னிப்பு குடுக்கும். ஆனா ஒரு நிபந்தனை. தெரிஞ்சதை ஒண்ணு விடாம சொல்லணும். எதையாவது மறைச்சா மன்னிப்பு ரத்தாகி, நீங்க பழையபடி குத்தவாளிதான்."

"அப்ப, வாயை மூடிக்கற உரிமை எனக்கு இருக்குன்னாங்களே மேடம்?"

"அதைக் குடுத்துட்டுதாங்க மன்னிப்பை வாங்கறீங்க."

வாங்கிக்கொண்டாள். மாஜிஸ்திரேட்டிடம் முதலாளியின் போன் பேச்சை அப்படியே சொன்னாள். எலுமிச்சம்பழம் பிழிந்தது யார் என்று கேட்டபோது மட்டும், "சமையல் பக்கம் கலந்தாங்க" என்றாள். பொய் என்றும் சொல்ல முடியாது, மெய் என்றும் சொல்ல முடியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவள் மறைத்துவிட்டாள். மறைத்த இடத்தில் கண்ணாயிரம் மாட்டிக்கொண்டார்.

அவர்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அன்னதானச் சோற்றில் முதல் கரண்டியை இலையில் வைத்து, மலையைப் பார்த்துக் கற்பூரம் காட்டும்வரை யாரும் நாக்கில் வைக்கக் கூடாது. உப்பு பார்ப்பதுகூடக் கிடையாது, எல்லாம் கை மதிப்புதான். நெற்றி நிறைய விபூதியோடு அடுப்பு மூட்டுகிற கண்ணாயிரம் அதை மீறியதே இல்லை. அன்றைக்கு மீறினார். வாடையைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டார். உடனே துப்பினார்.

"இது வேணாம்மா. கொட்டிடு. நான் புதுசா உலை வெக்கிறேன்" என்றார்.

மணிமொழி என்ன செய்தாள்? அவர் சொன்னதைக் காதில் வாங்காமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தாள். "படைக்காத சோத்துல வாயை வெச்சிட்டியேண்ணா, உனக்கே நல்லாயிருக்கா?" என்று ஆட்கள் இல்லாத சமையல் கொட்டகையில் கத்தினாள். அந்த மனிதர் கூனிக்குறுகிப் போனார். தண்ணி பாக்கெட் மூட்டையை ஏற்றச் சொல்லி அவரை வெளியே அனுப்பிவிட்டு, பழத்தை எல்லாம் அவளே பிழிந்தாள். அவளே கிளறினாள். அவளே கற்பூரமும் காட்டினாள்.

சாட்சி சொல்ல வேண்டிய நாளன்று காலையில், கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் கண்ணாயிரம் தனியாக நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு நகரப் பார்த்தார்.

"ஏண்ணா, சோத்தைக் கொட்டச் சொன்னதை உன் வக்கீல்கிட்ட சொன்னியா இல்லியா?"

"அதைச் சொன்னா உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாரு. படைக்கறதுக்கு முன்னாடி வாய் வெச்சேன்னு ஊர் முன்னாடி எப்டிம்மா சொல்றது? நீ திட்டினது நாயம்தான்."

சட்டம் கொடுத்த மௌனத்தை முதலாளி கேடயமாகப் பிடித்திருந்தான். இந்த மனிதரோ தான் செய்த ஒரே நல்ல காரியத்தைப் பாவம் என்று நினைத்து வாயை மூடியிருந்தார். அந்தப் பூட்டைப் போட்டவள் மணிமொழியேதான்.

அரசு வக்கீல் அறிவுச்செல்வன் அவளை வராந்தாவில் ஓரமாகக் கூப்பிட்டார்.

"இதோ பாரும்மா, போன் விஷயத்தைச் சொல்லு, நிறுத்திக்க. சமையல்ல யாரு என்ன பண்ணாங்கன்னு நீ இழுக்க வேணாம்."

"எல்லாத்தையும் சொல்லணும்னுதானே சார் மன்னிப்பு?"

"எல்லாம்னா கேஸுக்கு வேண்டியது எல்லாம். பண்ணதே நீதான்னு வந்தா, உனக்கு எதுக்கு மன்னிப்பு வாங்கிக் குடுத்தேன்னு என்னைக் கேப்பாங்க. மாஜிஸ்திரேட்கிட்ட மறைச்சிட்டன்னு நானே எழுதிக் குடுக்க வேண்டி வரும். உன் இஷ்டம்."

ஒருத்தன் ஒன்றுமே சொல்லாதே என்கிறான். இன்னொருவர் பாதி சொல் என்கிறார். அவள் வாய்க்கு ஆளாளுக்கு அளவு எடுக்கிறார்களே என்று மணிமொழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோர்ட்டில் முதல் பெஞ்சில் பச்சையம்மாளின் மகள் கீர்த்தனா உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவாள். வந்து கண்ணாயிரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். முதலாளி கெட்டவன் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அம்மாவின் இலையில் விழுந்த சோற்றைக் கிளறிய கை இந்த விபூதிக்காரர் கை என்றுதான் அவள் நம்பியிருந்தாள்.

அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் மணிமொழி பதில் சொன்னாள். பிறகு முதலாளியின் வக்கீல் எழுந்தார். சென்னையிலிருந்து வந்தவர். தேன் தடவியது மாதிரி பேசினார்.

"படைக்கிறதுக்கு முன்னாடி யாரும் ருசி பார்க்க மாட்டீங்க. அது உங்க வழக்கம். சரிங்களா?"

"சரிங்க."

"போன்ல நீங்க தண்ணி பாக்கெட் பத்தித்தான் பேசினீங்க. சோறு கெட்டது யாருக்குமே தெரியாது."

"இல்லீங்க. சோத்தைப் பத்திதான் பேசினேன்."

"அப்படின்னா கெட்டதுன்னு தெரிஞ்சே நீங்க அதைப் போட்டிருக்கணும். தெரிஞ்சே போட்டீங்களா?" என்று கேட்டவர், குரலை இன்னும் குழைத்தார். "அவசரமில்லம்மா. இதுக்குப் பதில் சொன்னா மாட்டிக்கப் போறது நீங்க. யோசிச்சு சொல்லுங்க."

அறிவுச்செல்வன் எழுந்து, சாட்சியைத் தன்மேலேயே குற்றம் சொல்ல வைக்கக் கூடாது என்று ஆட்சேபித்தார். நீதிபதி அம்மாள் கையமர்த்திவிட்டு மணிமொழியைப் பார்த்தார்.

"மன்னிப்பு வாங்கின சாட்சி பதில் சொல்லித்தான் ஆகணும். ஆனா கோர்ட் கட்டாயப்படுத்தி வாங்கற பதிலை நாளைக்கு உங்க மேல வழக்குப் போட யாரும் எடுத்துக்க முடியாது. கட்டாயத்தின் பேரில் சொன்னதுன்னு பதிவு பண்ணிடறேன். பயப்படாம சொல்லுங்க."

டைப் அடிக்கிற பெண் அதை அடிக்க ஆரம்பித்தாள். பின்னாலிருந்து அருணாதேவி, 'சரி என்று சொல்' என்பதுபோலத் தலையை ஆட்டினார். அந்தப் பதிவுக்குச் சரி என்றால் போதும். எதைச் சொன்னாலும் தோலில் ஒட்டாது. மணிமொழி குற்றவாளிக் கூண்டில் முதலாளியோடு நின்ற கண்ணாயிரத்தைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படிப் போட வேணாம்மா" என்றாள்.

"என்ன?"

"கட்டாயத்துல சொன்னேன்னு போட வேணாம். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல. நானாத்தான் சொல்றேன்."

"அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இருக்காது. புரியுதா?"

"புரியுதும்மா. சோத்தைப் போடும்போதும் யாரும் என் கையைப் புடிச்சிக் கிளறல."

பிறகு சொன்னாள். வாடையைச் சொன்னாள், போனைச் சொன்னாள், பழம் பிழிந்த தன் கையைச் சொன்னாள்.

"தெரிஞ்சேதான் போட்டேன். எங்க முதலாளியும் தெரிஞ்சேதான் போடச் சொன்னாரு. தெரிஞ்சு வேணாம்னு சொன்னது ஒரே ஒருத்தர். கண்ணாயிரம் அண்ணன். படைக்காத சோத்தை வாயில போட்டுப் பாத்து, கொட்டுன்னு சொன்னாரு. நான் அவரைத் திட்டித் தொரத்தினேன். மாஜிஸ்திரேட் ஐயாகிட்ட இதை மறைச்சேன். அவரு சொன்னதை நான் கேட்டிருந்தா அந்தம்மா இன்னைக்கு உசுரோட இருப்பாங்க."

சென்னை வக்கீல் மேற்கொண்டு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். அறிவுச்செல்வன் முகம் கறுத்தது. "மன்னிப்பை நீயே கிழிச்சுப் போட்டுட்ட, தெரியுதா?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"தெரியுது சார். நீங்க எழுதிக் குடுங்க."

கீர்த்தனாவின் கண்கள் அத்தனை மாதத்தில் முதல்முறையாகக் கண்ணாயிரத்தை விட்டு நகர்ந்தன. நகர்ந்து மணிமொழி மேல் வந்து நின்றன. அதில் மன்னிப்பு ஒன்றும் இல்லை. மணிமொழி அதை எதிர்பார்க்கவும் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டாள்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கினாள். வாசல் பக்கம் போகவில்லை. நேராக நடந்து, எதிரே குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றாள்.

"இப்ப நீங்க அங்க நிக்க வேண்டியதில்லை" என்றார் நீதிபதி.

"எப்படியும் இங்கதானேம்மா வரணும்" என்றாள்.

அருண்பிரசாத் இவள் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாயிரம் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றார்.