இருநூறு கேட்டால் நூறு

நவநீத்தைப் பார்த்த அன்றே எனக்குப் பிடிக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஹௌராவில் வந்திறங்கி மூன்று மாதம்கூட ஆகாத ஐ.டி. பையன், லேக் மார்க்கெட்டில் இட்லி சரியில்லை என்று என்னிடமே குறை சொன்னான். நான் பிறந்து வளர்ந்தது அந்தத் தெருவில். அந்த இட்லியை நான் ஆயிரம் திட்டுவேன், அது வேறு விஷயம்.

என் வேலையைப் பிடுங்கத்தான் அவன் வந்திருந்தான். எங்கள் கம்பெனி பித்தளை வால்வு செய்கிறது. கடைக்காரர்கள் போனிலும் வாட்ஸப்பிலும் சொல்லும் ஆர்டரை லேக் கார்டன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து வாங்கித் தொழிற்சாலைக்கு அனுப்புவது பத்தொன்பது வருடமாக நான்தான். இனி அந்த மெசேஜ்களைக் கம்ப்யூட்டரே படித்து ஆர்டராக்கிவிடுமாம். முதலாளி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். துர்கா பூஜைக்கு முன்னால் வரும் விஸ்வகர்மா பூஜை முடிந்த திங்கட்கிழமை அது தனியாக ஓடும். சொதப்பினால் என் நாற்காலி எனக்கு. சொதப்பாவிட்டால் நான் சாந்த்ராகாச்சி கோடவுனில் லாரிக்குப் பக்கத்தில் நின்று பெட்டிகளைச் சரிபார்க்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில், இந்த முட்டிவலியோடு.

ஒரு மாதம் நவநீத் என் பக்கத்திலேயே உட்கார்ந்து துருவினான். யார் எந்த வால்வை என்ன பெயரில் கேட்பார்கள், யார் போட்டோ மட்டும் அனுப்புவார்கள், எல்லாம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. துர்கா பூஜைக்கு முன்னால் எந்தக் கடைக்காரனும் உண்மையான எண்ணிக்கையைச் சொல்ல மாட்டான். ஹௌராவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மகேஸ்வரன் அண்ணா இருநூறு கேட்டால் அவருக்கு வேண்டியது நூறு. படாபஜார் ரஞ்சன்தா முந்நூறு கேட்டால் இருநூறு. ஆளுக்குத் தகுந்தபடி வெட்டித்தான் நான் எழுதுவேன். ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. கம்பெனியே அந்தக் கணக்கில்தான் நிற்கிறது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு.

பழைய ஆர்டர்களைப் புரட்டிக்கொண்டிருந்தவன் ஒருநாள் பிடித்துவிட்டான். மெசேஜில் இருநூறு என்று இருக்கிறது, நீங்கள் நூறு போட்டிருக்கிறீர்களே என்று கேட்டான். அப்புறம் போன் பண்ணிக் குறைத்துக்கொண்டார்கள் என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். தலையாட்டிவிட்டுக் கம்ப்யூட்டரில் என்னவோ தட்டினான். போடா, திங்கட்கிழமை தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குள் ஆர்டர்கள் கொட்டின. இருநூறு, முந்நூறு, ஐந்நூறு. எதையும் வெட்டாமல் அப்படியே வாங்கிப் போட்டது கம்ப்யூட்டர். ஒரு மாதம் ராப்பகலாக ஓட்டினாலும் தொழிற்சாலையால் அவ்வளவு செய்ய முடியாது. எனக்கு வயிறு குளிர்ந்தது. இரண்டாவது டீ வாங்கி வரச் சொல்லி, முதலாளி எப்போது கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன்.

முதலாளி கத்தவில்லை. அரை மணி நேரத்தில் திரையில் எண்கள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன. மகேஸ்வரன் அண்ணா நூறு. ரஞ்சன்தா இருநூறு. நான் வெட்டியிருந்தால் என்ன எழுதியிருப்பேனோ அதே எண்கள். என்ன செய்து தொலைத்தீர்கள் என்று நவநீத்திடம் கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க மேடம். ஆர்டர் வந்த ஒடனே, இருநூறு வால்வு பதிவாயிருச்சு, வியாழக்கிழமை மொத்தமும் வந்துரும், சரிங்களான்னு கேக்கும். அப்பறமா போன் பண்ணிக் கொறைக்கறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் முன்னாடியே கேட்டுக்கற மாதிரி வெச்சேன்."

என் பொய்யை வைத்தே எனக்குக் குழி வெட்டியிருக்கிறான், அதுவும் தெரியாமல். வராந்தாவுக்குப் போய் மகேஸ்வரன் அண்ணாவைக் கூப்பிட்டேன். நூறுதான் வேண்டுமென்றால் இத்தனை வருடம் எதற்கு இருநூறு என்று பொய் சொன்னீர்கள் என்று சண்டைக்கே போனேன். அவரும் விடவில்லை.

"நீ வெட்டுவே, அதனால கூட்டிச் சொன்னேன். நீ வேலைக்கு வந்த மொத வருஷ பூஜைக்கு நூறு கேட்டேன், அம்பது அனுப்பினே. ஒரு வார்த்தை சொன்னியா? வந்த ஆளையெல்லாம் பக்கத்துக் கடைக்கு அனுப்பிட்டு நின்னேன் கல்யாணி. இந்த மிஷினு கேட்டதைத் தர்றேங்குது. இதுகிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்?"

அந்த முதல் வருடம் நன்றாக நினைவிருக்கிறது. உலை பழுதாகிச் சரக்கு போதவில்லை. நான் எல்லோருக்கும் பாதியாக வெட்டினேன், யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்று பயம். அடுத்த வருடம் அவர்கள் கூட்டிக் கேட்டார்கள். அவர்கள் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, இத்தனை வருடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆரம்பித்தது நான்தான்.

உள்ளே வந்ததும் நவநீத் எழுந்து நின்றான். கம்ப்யூட்டர் வாங்கிய ஆர்டர்களில் ஏதாவது தவறு இருக்கிறதா என்று உங்களிடம் கேட்டு வரச் சொன்னார் முதலாளி என்றான். நான் சொல்வதைத்தான் அவர் நம்புவார், அது அவனுக்கும் தெரியும். இன்னொரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இல்ல," என்றேன். "சாந்த்ராகாச்சிக்கு என்னிக்குப் போகணும்னு கேட்டுட்டு வாங்க."