ராஜா எழுந்திருக்கக் கூடாது

தன் கணவர் நோயல் மேடையில் எத்தனை தடவை செத்தார் என்று டீனா எண்ணி வைத்ததில்லை. செத்த ஒவ்வொரு தடவையும் எழுந்துவிடுவார் என்பதால் எண்ணத் தோன்றவும் இல்லை. போன வருஷம் ஈஸ்டர் முடிந்து சில நாளில், விவேக் நகர் வீட்டில், பாதி குடித்த காபியை ஜன்னலோரம் வைத்துவிட்டு ஒரு தடவை செத்தார். அந்தத் தடவைதான் எழுந்திருக்கவில்லை.

அவர் விட்டுப் போனதில் ஒரு நாடகமும் உண்டு. கிரேக்க காலத்திலிருந்து இன்றுவரை நாடகம் நடந்து வந்த கதை, நாற்பது நிமிஷத்தில். தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே கண்டதையெல்லாம் படித்தவர் நோயல். படித்ததில் அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் உறைத்தது. "நாடகக்காரனுக்கு ஆதியிலேர்ந்து ஒரே தலைவலி டீனா. செத்தவன மேடையில என்ன பண்றது?"

அந்தத் தலைவலிதான் நாடகம். முதல் காட்சி கிரேக்கம். பிரியாணிக்கு வாங்கிய காகிதத் தட்டில் கண்ணுக்கு ஓட்டை போட்டு முகமூடி. அங்கே யாரும் ஜனங்கள் பார்க்கச் சாவதில்லை. உள்ளே சாவார்கள், ஒரு தூதன் வெளியே ஓடிவந்து விஷயத்தைச் சொல்வான், அதைக் கேட்டு ஊரே அழும். அடுத்தது நம் பழைய சமஸ்கிருத நாடகம். மேடையில் சாவு என்பது அங்கே மரியாதைக் குறைவு; அதனால் ராஜா சோகமாக நிற்கும்போதெல்லாம் கோமாளியான விதூஷகன் வந்து லட்டு தின்பான். பிறகு தெருக்கூத்து. களத்தில் விழுந்து கிடப்பவர்களை மஞ்சள் தண்ணீர் தெளித்து எழுப்புவார்கள்.

அதற்கப்புறம் கம்பெனி நாடகம். எல்லோரும் காத்திருப்பது இதற்குத்தான். அந்தக் காலத்தில் ஜனங்கள் பாட்டுக்காகவே வந்தார்கள். பாட்டு பிடித்துவிட்டால் "ஒன்ஸ்மோர்" என்று கத்துவார்கள். பாடிய ராஜா செத்துக் கிடந்தாலும் சரி, எழுந்து, ஜரிகைக் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, திரும்பப் பாடி, திரும்பச் சாக வேண்டும். நோயல் இதை அவ்வளவு சிரத்தையாகச் செய்வார். கடைசிக் காட்சி இந்தக் காலத்து நாடகம்: இரண்டு நாற்காலி, செத்தவர் ஒன்றில் உட்கார்ந்து பேசுவார், யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

இந்த எல்லாக் காலத்திலும் டீனா இருந்த இடம் ஒன்றுதான். மேடையின் பக்கத்துத் தட்டிக்குப் பின்னால், கையில் டார்ச்சோடு, வசனம் எடுத்துக்கொடுத்துக்கொண்டு. வெளிச்சத்துக்கு வந்ததே கிடையாது.

இந்த வருஷம் சர்ச் ஆண்டு விழாவுக்கு நோயல் ஞாபகமாக அதே நாடகத்தைப் போட வேண்டும் என்று உஷா பிடிவாதம் பிடித்தாள். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, ராணி வேஷமெல்லாம் அவளுக்கு. ராஜா வேஷம் முனிராஜுக்குப் போனது. லைட்டும் மைக்கும் வாடகைக்கு விடுபவர், வருஷா வருஷம் திரை இழுப்பவரும் அவர்தான். டீனா சம்மதித்தாள். ஒரே ஒரு நிபந்தனை.

"ராஜா செத்ததும் திரை. ஒன்ஸ்மோர் கிடையாது."

"ஆன்ட்டி, சீனே அதுதானே!" என்றாள் உஷா.

"நேரம் பத்தாது. ஃபாதர் நாப்பது நிமிஷம்தான் குடுத்திருக்கார்."

"போன வாட்டியும் நாப்பதுதான ஆன்ட்டி..."

முனிராஜ் உஷாவின் காலை மிதித்தார். "விடும்மா. நான் செத்தா செத்ததுதான் டீனாக்கா. வீட்ல மூணு அலாரம் அடிச்சே எழுந்திருக்காதவன். இவங்க கத்தியா எழுந்திருக்கப் போறேன்?"

அவர் போட்டிருந்தது நோயலின் கோட்டு. வயிற்றின் மேல் பொத்தான்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றன. அந்தக் கோட்டு கீழே விழுவதை டீனாவால் பார்க்க முடியும். அது எழுந்து நிற்பதைத்தான் பார்க்க முடியாது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

விழாவன்று மண்டபம் நிறைந்துவிட்டது. பிரியாணி அண்டாக்கள் பின்பக்கம் வந்து இறங்கியதும் வாசனை முன்வரிசைவரை போனது. கிரேக்கத் தூதனின் காகிதத் தட்டு நாடா அறுந்து தாடையில் தொங்கியது. அவன் அப்படியே சாவுச் செய்தி சொன்னான், நல்ல கைதட்டல். விதூஷகன் நிஜமாகவே நாலு லட்டு தின்றுவிட்டு விக்கினான். கூத்தில் தெளித்த மஞ்சள் தண்ணீர் முன்வரிசை மரகதம்மாவின் வெள்ளைப் புடவையில் பட்டது.

"ஏய், இது போன வாரம் எடுத்த பொடவடா!" என்ற அவர் குரலுக்கு நாடகத்தைவிடச் சிரிப்பு அதிகம்.

ராஜா வந்தார். முனிராஜ் ராஜாவானதால் திரைக்கயிறு இப்போது டீனாவின் ஒரு கையில். இன்னொரு கையில் டார்ச். உஷாவின் மடியில் சாய்ந்து, நோயல் கட்டிய பாட்டை முனிராஜ் பாடினார். "போகிறேன் பெண்ணரசே, பொழுதும் சாயுதே..." சுருதி எங்கோ சிவாஜி நகர் பக்கம் போய்விட்டு வந்தது. ஆனால் செத்ததில் குறை சொல்ல முடியாது. தொப்பென்று விழுந்தார், மேடைப் பலகை அதிர்ந்தது.

டீனா கயிற்றை இறுக்கினாள்.

"ஒன்ஸ்மோர்!" என்றார் மரகதம்மா.

அவருக்கு எந்த நிபந்தனையும் தெரியாது. இந்த இடத்தில் கத்துவதற்கென்றே வருஷா வருஷம் வருபவர். பின்னால் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள், பிறகு மண்டபம் முழுக்க. கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்திருக்கச் சொல்லிக் கன்னடத்தில் கெஞ்சினார். "ஏளி ராஜா, ஏளி!"

ராஜா அசையவில்லை. கொடுத்த வாக்கு. ஒட்டு மீசை ஒரு பக்கம் கழன்று மூக்குக்குள் போய்க்கொண்டிருந்தது, அதையும் பொறுத்துக்கொண்டார். கயிற்றை இழுத்தால் முடிந்தது. டீனாவும் இழுக்கத்தான் போனாள்.

அப்போது பிணம் ஒற்றைக் கண்ணைத் திறந்து தட்டிப் பக்கம் பார்த்தது.

நோயலும் இப்படித்தான் பார்ப்பார். செத்த அதிர்ச்சியில் பாட்டின் முதல் வரி எப்போதும் அவருக்கு மறந்துவிடும். ஒற்றைக் கண் திறக்கும், டீனா எடுத்துக்கொடுப்பாள். அந்தப் பார்வைக்கு இத்தனை வருஷமாக அவள் வாய் பதில் சொல்லியே பழகியிருந்தது. மனசு யோசிப்பதற்குள் உதடு முந்திக்கொண்டது.

"போகிறேன் பெண்ணரசே..."

முனிராஜ் எழுந்துவிட்டார். கோட்டைத் தட்டினார். மூச்சை இழுத்து "போ..." என்று ஆரம்பித்தபோது வயிற்றுப் பொத்தான் தெறித்து, மேடையைத் தாண்டி, மரகதம்மாவின் மடியில் போய் விழுந்தது.

"அய்யய்யோ, ராஜா எனக்கு மொய் வெக்கிறார்!"

டீனா சிரித்துவிட்டாள். கயிற்றைப் பிடித்த கை குலுங்க, திரையும் சேர்ந்து குலுங்கச் சிரித்தாள். எதைப் பார்க்க முடியாது என்று பயந்திருந்தாளோ அது கண்ணெதிரே நின்றது. ஒரு பொத்தான் குறைவாக, சுருதி இல்லாமல், முனிராஜாக.

ராஜா இரண்டாம் தடவை செத்தார். ஒன்ஸ்மோர். மூன்றாம் தடவை செத்தார். மறுபடி ஒன்ஸ்மோர். வேர்த்து ஒழுகியபடி முனிராஜ் திரும்பவும் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். இந்தத் தடவை அது வரி கேட்ட பார்வை இல்லை, காப்பாற்றச் சொன்ன பார்வை.

டீனா கயிற்றை ஆணியில் சுற்றிவிட்டு, டார்ச் கையிலேயே இருக்க, மேடைக்கு நடந்தாள். வெளிச்சம் சுட்டது. மண்டபம் சட்டென்று அடங்கியது. பலரும் அவளை அங்கே முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

"ராஜா செத்துட்டார்" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடத் தெளிவாக வந்தது. "நல்லாப் பாடினார், நல்லாச் செத்தார். இனிமே எழுந்திருக்க மாட்டார். இன்னும் ஒரு சீன் இருக்கு, அதுக்கப்புறம் பிரியாணி. ஆறிடும்."

பிறகு மரகதம்மா பொத்தானோடு கையை உயர்த்தினார்.

"டீனா, ஒன்ஸ்மோர்!"

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி எல்லோரும் கத்தினார்கள். டீனா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இத்தனை வருஷம் ஊருக்கே வரி எடுத்துக்கொடுத்தவளுக்கு, ஒரு நிமிஷத்துக்கு முன் தானே சொன்னது சுத்தமாக மறந்து போயிருந்தது. பழக்கத்தில் தட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஆணியில் சுற்றிய கயிறுதான் இருந்தது.

காலடியில் கிடந்த பிணம் உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தது.

"ராஜா செத்துட்டார், அக்கா."

"ராஜா செத்துட்டார்" என்றாள் டீனா, சிரித்துக்கொண்டே, இந்தத் தடவை கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.