பன்னிரண்டு கட்டங்கள்

மருத்துவர் கொடுத்த தாளில் பன்னிரண்டு கட்டங்கள் இருந்தன. காலை பத்தரையில் தொடங்கி மாலை நாலு மணி வரை, அரை மணிக்கு ஒன்று. பூஜ்யம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் தாங்கவே முடியாத வலி. ஊசிக்கு முன் அப்பா சொன்ன எண் எட்டு. அதை மருத்துவரே தாளின் மேலே எழுதியிருந்தார்.

அப்பா டைல்ஸ் ஒட்டுபவர். முப்பது வருடங்களாக மண்டியிட்டே வேலை செய்தவர். வலது முட்டி தேய்ந்துவிட்டது. மாத்திரை, உடற்பயிற்சி, மூட்டுக்குள் ஜெல் ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. மூட்டை மாற்றிவிடலாம் என்றார்கள். மாற்றினால் நடக்கலாம், படி ஏறலாம். ஆனால் தரையில் ஊன்றி மண்டியிடுவது பலருக்கு முடிவதில்லை. அதைக் கேட்டதும் அப்பா முட்டிக்கு மேல் சுருட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

மிஞ்சியது இது ஒன்றுதான். முட்டியின் வலியைக் கடத்துகிற மெல்லிய நரம்புகளை ஊசிமுனையின் சூட்டால் செயலிழக்கச் செய்வது. கத்தி இல்லை, தையல் இல்லை. சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம் வலி குறைந்திருக்கும். அதற்கு முன்னால் ஒரு சோதனை. அதே இடங்களில் மரத்துப்போகும் மருந்தை மட்டும் போட்டுப் பார்ப்பார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் சூடு வைப்பார்கள். அந்தச் சோதனை ஊசியைத்தான் அன்று காலை போட்டிருந்தார்கள்.

“வீட்டுக்குப் போய்ப் படுத்துக்காதீங்க,” என்றார் மருத்துவர். “எதைச் செஞ்சா வலிக்குமோ அதைச் செஞ்சு பாருங்க. அந்தந்த நேரத்துக்கு நம்பர் எழுதுங்க. நாளைக்குத் தாளைக் கொண்டாங்க.”

அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

எங்கள் வீட்டு வாசலில் மூன்று படிகள். அப்பா இடது காலை வைத்து, வலது காலை இழுத்து அதே படியில் சேர்த்து, மறுபடி இடது காலை வைத்தார். எப்போதும் ஏறுவது போலவே. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

“என்ன சொன்னாங்க?” என்றாள் அம்மா.

“சரியா வந்தா சூடு வைப்பாங்களாம்.”

“சின்ன வயசுலயே வச்சிருக்கணும். உங்க அம்மா செல்லம் குடுத்துட்டாங்க.”

அப்பா சிரித்தார். தாளை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

நான் எடுத்துப் பார்த்தேன். மணி பதினொன்றே முக்கால். நாலு மணி வரைக்கும் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. இரண்டு, ஒன்று, ஒன்று, பிறகு வரிசையாகப் பூஜ்யங்கள். ஒவ்வொன்றும் ஒரே அளவில், கட்டத்தின் நடுவில்.

அவர் வெளியே வந்ததும் கேட்டேன். “அப்பா, இன்னும் பன்னண்டே ஆகல. நாலு மணி வரைக்கும் எழுதிட்டீங்க?”

“டைல்ஸை ஒட்டி முடிச்சிட்டா எத்தனை வேணும்னு எண்ணுவாங்க? முன்னாடியே எண்ணி வைக்கணும்.”

“ஆமா, நாலு குறைஞ்சு கடைகடையா அலைஞ்சவரு சொல்றாரு,” என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். சோதிக்காமலே முடிவை எழுதிய தாளை என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியும். தாளைத் திருப்பிப்போட்டு, அளவுகோல் வைத்துப் புதிதாகப் பன்னிரண்டு கட்டங்கள் போட்டேன்.

“ஒரே ஒரு தடவை மண்டி போட்டுப் பாருங்கப்பா.”

எங்கள் குளியலறை வாசலில் ஒரு டைல்ஸ் ஒரு வருடமாகப் பெயர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அப்பா அதற்கு முன்னால் தன் பழைய ரப்பர் மெத்தையைப் போட்டார். இடது முட்டியை வைத்தார். பிறகு வலது முட்டியை. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு கை பக்கெட்டின் விளிம்பைப் பிடித்தது.

“எவ்வளவுப்பா?”

“பூஜ்யம்.”

நான் எழுதவில்லை.

“எழுதேம்மா.”

“பக்கெட்டை விடுங்க, எழுதுறேன்.”

பக்கெட்டில் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் கையை எடுத்தார். உடனே மறுபடி பிடித்துக்கொண்டார்.

“மேஸ்திரி மூணு பாத்ரூம் எனக்குன்னு நிறுத்தி வச்சிருக்கான்,” என்றார் தரையைப் பார்த்தபடி. “இந்த மாசம் வரைக்கும்தான் பொறுப்பான்.”

“தெரியும்ப்பா.”

“சுட்டுத்தான் பாக்கட்டுமே. ஒருவேளை கேட்டுச்சுன்னா?”

“இந்த ஊசிக்கே குறையலன்னா, வலி அந்த நரம்பு வழியா வரலைன்னு அர்த்தம். சுட்டும் பிரயோஜனம் இல்லப்பா.”

சமையலறையில் காய் நறுக்கும் சத்தம் நின்றது.

“ஏழுன்னு போடு,” என்றார்.

பன்னிரண்டு மணிக் கட்டத்தில் எழுதினேன். எட்டில் பாதி நாலு. வேறு கணக்கு எதுவும் தேவைப்படவில்லை.

எழுந்துகொள்வார் என்று நினைத்தேன். அவர் ஆடிய டைல்ஸைப் பெயர்த்து எடுத்தார். “இறங்கினது இறங்கிட்டேன். அந்தக் கரண்டியைக் கொண்டா.”

அம்மா பழைய கிண்ணத்தில் சிமெண்ட் குழைத்துக் கொண்டுவந்தாள். ஊருக்கெல்லாம் ஒட்டுகிற மனுஷன் என்று ஒரு வருடமாகச் சொல்லிவந்ததை இப்போது சொல்லவில்லை. அப்பா பழைய காரையைச் சுரண்டினார், புதியதைப் பரப்பினார், டைல்ஸை வைத்துக் கரண்டிப் பிடியால் நாலு மூலையிலும் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டு இணைப்பின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

“நாளைக்கு வரைக்கும் யாரும் மிதிக்காதீங்க.”

பிறகு எழப் பார்த்தார். முடியவில்லை. அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினோம். அவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டரை ஆனதும் கை நீட்டித் தாளைக் கேட்டார். அடுத்த கட்டத்தில், கொஞ்சம் கோணலாக, எட்டு என்று எழுதினார்.