விரிப்பின் மறுமுனை

எதிர் வீட்டை நான் வேவு பார்ப்பதில்லை. என் சமையலறை ஜன்னலை அவர்கள் வாசலைப் பார்த்து வைத்துவிட்டார்கள். அதற்கு நான் என்ன செய்ய?

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் லாண்டரியில் வேலை. படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையில் பிடித்து உதறுவார்கள். எதிரெதிரே நடந்து வந்து மூலைகளைச் சேர்ப்பார்கள். சேரும்போதெல்லாம் அவள் புருவத்தில் ஒட்டிய பஞ்சை அவர் ஊதிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்துதான்.

அவளுக்கு மேற்பார்வையாளராக ப்ரமோஷன் வந்தது. மாடியில் கண்ணாடி அறை, சுழல் நாற்காலி. நேற்று வேலை பழக மேலே போனாள். கீழே இவருக்கு ஜோடியாக வந்தவர் ஒரு பெரிய மீசைக்காரர். மூலைகள் சேர்ந்தன. நம்ம ஆள், பழக்க தோஷம், அந்த மீசையை ஊதிவிட்டார்! லாண்டரியே சிரிப்பில் குலுங்கியதாம்.

சாயங்காலம் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான மொட்டை மாடிக்குப் போனார்கள். நானும் துணி எடுக்கப் போனேன். துணி காயவில்லை, அது வேறு விஷயம்.

"அந்த ப்ரமோஷன் எனக்கு வேண்டாங்க. நாளைக்கே சொல்லிடறேன்."

"ஏன்?"

"என்னாலதானே எல்லாரும் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறாங்க?"

"சிரிச்சா சிரிக்கட்டும். ப்ரமோஷன்ங்கிற வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு போன்ல தேடிப் பார்த்தேன்."

"ஆரம்பிச்சுட்டீங்களா!"

"லத்தீன்லேர்ந்து வந்ததாம். முன்னால நகர்த்துறதுன்னு அர்த்தம். பதவியெல்லாம் அப்புறமா வந்து ஒட்டிக்கிட்டது."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "கடையில ஒரு சோப்புக்கு ஒரு சோப்பு இலவசம்னு கத்துறானே, அதையும் ப்ரமோஷன்னுதானே சொல்றான்?"

"அதேதான்க்கா. அவன் சரக்கை முன்னால தள்றான்." அவள் பக்கம் திரும்பினார். "தானா நகர்றதுன்னு போடலம்மா. ஒருத்தர் நகர்த்தணும். நான் நகர்த்தாம வேற யாரு நகர்த்துவா?"

அவள் கொடியிலிருந்து விரிப்பை உருவி ஒரு முனையை அவரிடம் நீட்டினாள். உதறினார்கள்.

"மேல யாரு எனக்குப் பஞ்சு ஊதுவா?"

"கண்ணாடி ரூம்ல ஏது பஞ்சு? வீட்டுத் துணி இருக்குல்ல, இங்க ஊதிக்கலாம்."

நடந்து வந்து மூலைகளைச் சேர்த்தார்கள். அவர் ஊதினார். எட்டிப் பார்த்தேன், அவள் புருவத்தில் ஒரு துகள் பஞ்சு கிடையாது.

"சரி, நாளைக்குப் போறேன்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா அந்த மீசையை மட்டும் இனிமே ஊதாதீங்க."