பதினாலாவது நிரை

தோட்டம் கொத்துகிற இரும்பு முள்ளை மண்ணில் குத்தி ஏறி மிதிக்கப் போன நேரத்தில் அம்மா வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கன வேணாம்."

"ஏம்மா?"

"வேணாம்னா வேணாம். அங்கிட்டுப் போயி குத்து."

அங்கிட்டுப் போனேன். முள்ளின் பல் மண்ணில் இறங்குவதற்குள் அங்கேயும் வந்து நின்றாள். வாசல், பின்பக்கம், வேலியோரம் என்று நாலு இடம் மாறினேன். நாலு இடத்திலும் வேண்டாம். புது வீட்டுக்கு வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. பங்களாத் தோட்டத்தில் வேலை செய்கிற சின்னராசா மாமாவிடம் கெஞ்சி வாங்கிய ரோசாக் கம்புகள் சாக்குக்குள் வாடிக்கொண்டிருந்தன. லயத்து ஒற்றை அறையில் இருந்தவரை என் தோட்டம் பாய் அகலத்துக்கு ஒரு துண்டு. அதிலும் பாதியைப் பக்கத்து வீட்டுக் கோழி கிளறும். இப்போது தேயிலைத் தோட்டத்தில் ஏழு பேர்ச் நிலம் கொடுத்து, எங்கள் வீடு என்று ஒன்று எழும்பி, அதைச் சுற்றிச் சும்மா கிடக்கிற மண்ணையும் கண்ணால் பார்த்துவிட்டு என்னால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? கத்தினேன். அம்மா முள்ளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் அப்பாதான் சொன்னார், கூரைத் தகரத்துக்குக் கல் ஏற்றிக்கொண்டே.

"ஒனக்கு முந்தி ஒரு பய இருந்தான் புள்ள. எழுவத்தி நாலுல. பஞ்சம். அவளுக்குப் பாலு ஊறல. ஒம்பது நாளு, அவ்வளவுதான். பேருகூட வைக்கல."

அப்போதெல்லாம் கைக்குழந்தைகளை மயானத்துக்குக் கொண்டு போவதில்லையாம். தேயிலைக்கு நடுவிலேயே புதைத்துவிடுவார்களாம். இந்த வீடுகள் நிற்கிற இடம் அன்று எட்டாம் நம்பர் மலை. பெரிய கல்லிலிருந்து பதினாலாவது நிரை, அதில் ஏழாவது செடி. அப்பாதான் குழி வெட்டினார்.

எட்டாம் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனால் அம்மா ஒரே நிரைக்காகக் கங்காணியோடு மல்லுக்கு நிற்பாள் என்று எனக்குத் தெரியும். லயமே அதைச் சொல்லிச் சிரிக்கும். நல்ல கொழுந்து நிரை போல என்று நானும் நினைத்திருந்தேன்.

"மெசினு வந்து செடி அம்புட்டையும் புடுங்கிருச்சு. மேட்ட வெட்டிப் பள்ளத்துல தள்ளிருச்சு. அந்தக் கல்லக்கூட வெடி வச்சு ஒடைச்சிட்டாங்க. இப்ப எங்கேருந்து எண்ணுறது? நம்ம வாசலாவும் இருக்கலாம், பக்கத்து வூட்டு அம்மாக்கண்ணு அடுப்படியாவும் இருக்கலாம்." அப்பா ஒரு கல்லைக் கையில் வைத்தபடி நின்றார். "அவ புள்ள மட்டுமா? எத்தனையோ வூட்டுப் புள்ளைங்க அங்கன கெடக்கு."

அதற்குப் பிறகுதான் அம்மாவைக் கவனிக்க ஆரம்பித்தேன். வெளியே நடக்கும்போது பாதத்தை மெதுவாக வைப்பாள். சோறு வடித்த கஞ்சியைச் சூட்டோடு கொட்டமாட்டாள். ஆறவைத்து, விரல் விட்டுப் பார்த்து, பிறகுதான் ஊற்றுவாள். ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்கா கொதிக்கிற தண்ணீரை வாசலில் வீச, அம்மா ஓடினாள்.

"என்னா காளியக்கா, எங்க வாசலுக்கும் நீதான் தொரையா?" என்று அக்கா சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

அந்த வருசம் முழுக்க என் தோட்டம் மண்ணைத் தொடாமலே வளர்ந்தது. பால்மா டின், உடைந்த வாளி, அரிசிச் சாக்கு. அதற்கே தேன்சிட்டு வந்தது, கொண்டைக்குருவி வந்தது, விடியக்காலையில் ஒரு முயல்கூட வந்து ஜெரேனியத்தை மோந்து பார்த்துவிட்டுப் போனது. ஆனால் டின்னில் எவ்வளவுதான் வளரும்? வேர் சுருண்டு சுருண்டு, போஞ்சிக் கொடி முழங்கால் உயரத்திலேயே மஞ்சளாகிப் போகும். வெறும் மண்ணைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை அரிக்கும்.

ஐப்பசி மழையில் அந்தக் குருவி வந்தது. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வாலுக்கு அடியில் இரத்தச் சிவப்பு. பறக்கவே மனமில்லாதது போலத் தரையில் தத்தித் தத்தி, பின்மூலையில் நான் குவித்து வைத்திருந்த சருகை ஒவ்வொன்றாகப் புரட்டியது. ஓடிப்போய்ப் பள்ளிக்கூடத்துச் சிவபாதம் சேரிடம் கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், குருவிப் புத்தகமெல்லாம் வைத்திருப்பவர்.

"உது இந்தியாவில இருந்து வாறது பிள்ளை. மாரிக்கு வந்து பங்குனி சித்திரையில போயிடும். போன முறை இருந்த வளவுக்கே திரும்பியும் வரும்," என்றார்.

அம்மா வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன பிறகு மண்புழுக்களைப் பொறுக்கி அந்த மூலையில் போடுவேன். குருவி அந்த மூலையை விட்டு நகரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றபோது, வாயில் வந்துவிட்டது.

"பாத்தியாம்மா? இம்புட்டு எடம் கெடக்கு. அந்த மூலைய விட்டு எங்கயும் போகமாட்டேங்குது. அங்கன என்னாதான் இருக்கோ."

புழுவைப் பற்றிச் சொல்லவில்லை.

மறுநாள் அந்த மூலையில் ஒரு வெள்ளைக் கல் இருந்தது. பக்கத்தில் சிரட்டையில் பால். ஒரு வாரம் கழித்து அம்மா முள்ளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "அந்த மூலைய விட்டுரு. மத்த எடம் ஒன் இஷ்டம்."

ஏழு பேர்ச்சையும் புரட்டினேன். தைக்குள் போஞ்சி பந்தலேறியது, ரோசா பூத்தது. அம்மா கஞ்சியைச் சூட்டோடு வாசலில் ஊற்றினாள். ஆவி எழும்பியதை நான் நின்று பார்த்தேன். அம்மாக்கண்ணு அக்காவின் கேலிக்குத் திருப்பிக் கேலி பேசவும் ஆரம்பித்திருந்தாள். பொய்தான். ஆனால் நல்ல பொய் என்று சொல்லிக்கொண்டேன்.

சித்திரையில் குருவி போய்விட்டது. அடுத்த ஐப்பசியில் நான் புழு போடவில்லை, சருகும் குவிக்கவில்லை. அது நேராக வெள்ளைக் கல்லின் பக்கத்திலேயே வந்து நின்றது. சேர் சொன்னபடி பழகிய இடம்தானே என்று நினைத்தேன். நினைத்த பிறகும் முதுகு சில்லிட்டது. "வந்துட்டான்," என்றாள் அம்மா. வந்துருச்சு என்று சொல்லவில்லை.

அதே வாரம் சின்னராசா மாமா டேலியாக் கிழங்கு கொடுத்தார். வாசலுக்கு நேரே, அந்த மூலையிலிருந்து வெகுதூரத்தில், முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டினேன். முள்ளின் பல்லில் தகரம் போல ஏதோ இடித்தது. கையை விட்டு எடுத்தேன். பச்சைக் களிம்பு பிடித்து, இலையை மடித்தது மாதிரி இருந்தது. பாவாடையில் தேய்த்தேன். கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற பித்தளைச் சங்கு. என் உள்ளங்கைக்குள் அடங்கியது.

நிமிர்ந்தபோது அப்பா வாசல்படியில் நின்றார். யார் வீட்டுச் சங்கோ என்று சொல்லமாட்டாரா, எத்தனையோ வூட்டுப் புள்ளைங்க என்று அவரே சொன்னாரே என்று, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் மண்ணாகிப் போயிருந்தது.

"நாந்தான் வச்சேன்," என்றார், குரல் எழும்பாமல். பின்பக்கம் ஒருமுறை பார்த்தார். "உள்ளயே போட்ரு."

போட்டேன். கைப்பிடி மண்ணும் போட்டேன். அதற்கு மேல் கை வரவில்லை.

"என்னாடி குழிய வெட்டிப்புட்டுக் குந்திக்கிட்டிருக்க?" அம்மா காலிச் சிரட்டையோடு பின்பக்கமிருந்து வந்தாள். "மழை வருது பாரு. நட்டு முடி."

"நான் பாத்துக்கிறேம்மா."

"பாத்துக் கிழிச்ச."

சிரட்டையைக் கீழே வைத்துவிட்டு, கிழங்கை எடுத்துக் குழிக்குள் இறக்கி, இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளி மூடினாள். பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு மேலே ஏறினாள்.

"நட்டா மிதிக்கணும்டி. தேயிலக் கன்னு எத்தன ஆயிரம் நட்டுருப்பேன், ஒன்னுகூடச் சாகல. குதிகாலால நல்லா அமுத்தணும். இல்லாட்டி உள்ள காத்து நிக்கும்."

டேலியாவை இப்படி மிதிக்கக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா முழுப் பாரத்தையும் ஒரு காலில் ஏற்றி மிதித்தாள், பிறகு மறுகால். சுற்றிச் சுற்றி வந்து மிதித்தாள். மூச்சு வாங்கியது, சிரித்தாள். தூறல் விழுந்ததும் சிரட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

புது மண்ணில் அவளுடைய குதிகால் தடங்கள் வட்டமாக இருந்தன. ஒவ்வொன்றிலும் மழைத் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது.