ஜெனேவியேவ் அழுவதில்லை

மருத்துவர் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினார். ஜெனேவியேவ் மெல்லத் தலையைத் திருப்பிப் பார்த்தாள். அழவில்லை, சிரிக்கவும் இல்லை. காதில் குறையில்லை என்று அந்தப் பிரெஞ்சுக்காரர் மார்செலிடம் சொன்னார். ஒரு வயதை நெருங்கும் பிள்ளை மழலைகூடப் பேசாமல், யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்காமல் இருக்கிறதே, வீட்டில் இதனோடு யார் பேசுகிறார்கள் என்று கேட்டார். மார்செல் மனைவியைப் பார்த்தான். தனக்கொடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரும் பேசுவதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் சைகோனை விட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களுடைய காகிதங்களைப் பெட்டிகளில் அடைப்பதுதான் மார்செலைப் போன்ற புதுச்சேரி குமாஸ்தாக்களுக்குக் கடைசி வேலை. காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவான். தனக்கொடி குழந்தைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வேளைக்குப் பால், வேளைக்குக் குளியல், வெயிலில் உலர்ந்த துணி. ஆனால் குளிப்பாட்டும்போதுகூட முகத்தைப் பார்க்காமல், சூடான பாத்திரத்தைத் தொடுவதுபோல விரல்நுனியால்தான் தொட்டாள். பாயில் கிடத்தியதும் அறையின் மறுகோடிக்குப் போய்விடுவாள். அங்கிருந்தபடி அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். உலை கொதிக்கும்போது பாதியில் விட்டு ஓடிவந்து இன்னொருமுறை பார்ப்பாள். ஆரம்பத்தில் குழந்தை அவளைத் தேடிச் சிணுங்கியது, கையை நீட்டியது. நாளாக ஆக அதையெல்லாம் நிறுத்திக்கொண்டது. இவ்வளவு சமர்த்துப் பிள்ளையைப் பார்த்ததே இல்லை என்றார்கள் பக்கத்து வீட்டு வியட்நாமியப் பெண்கள்.

அதை நம்பாதவள் மார்செலின் அக்காள் மாதலேன் ஒருத்திதான். அடுத்த கப்பலில் அவள் கணவனோடு புதுச்சேரிக்குத் திரும்ப இருந்தாள். மருத்துவர் சொன்னதைக் கேள்விப்பட்டு மறுநாளே வந்துவிட்டாள். ஜெனேவியேவைத் தன்னோடு அனுப்பிவிடச் சொன்னாள். நாலு பிள்ளைகளுக்கு நடுவே வளர்ந்தால் பேச்சு தானாக வந்துவிடும், தனத்துக்கும் உடம்பு தேறும் என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தனக்கொடி பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். மார்செல் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதலேன் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அது முரண்டு பிடிக்கவில்லை. அம்மா எங்கே என்று திரும்பியும் பார்க்கவில்லை.

அதைக் கண்ட பிறகுதான் தனக்கொடி வாய் திறந்தாள்.

"அண்ணி, அது பொறந்தப்ப இப்படி இல்ல. நான்தான் இப்படிப் பண்ணிட்டேன்."

சைகோனை ஒட்டிய சோலோன் பக்கம் சண்டை மூண்ட சித்திரையில் நடந்ததை அவள் துண்டு துண்டாகச் சொன்னாள். குண்டு விழுந்து தெருத்தெருவாக எரிந்தது. மார்செல் ஊரின் மறுபக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். கால்வாய் ஓரத்து அரிசிக் கிடங்கில் அக்கம்பக்கத்தாரோடு அவளும் ஒளிந்திருந்தாள். வெளியே துப்பாக்கிக்காரர்களின் நடமாட்டம். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று யாருக்கும் தெரியாது. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை வீறிட்டது. பிள்ளையின் வாயை அடை என்று இருட்டில் யாரோ சீறினார்கள். அவள் அதன் முகத்தை மார்போடு வைத்து அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். காலடிகள் விலகிப்போன பிறகு கையை எடுத்தால், குழந்தை நீலம் பாரித்துக் கிடந்தது. ஊதினாள், தட்டினாள், உலுக்கினாள். வெகுநேரம் கழித்துத்தான் அதற்கு மூச்சுத் திரும்பியது. அன்று உடனிருந்தவர்கள் வீடு எரிந்து எங்கெங்கோ சிதறிப்போனார்கள். அவளுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது.

"நான் வாயத் தொறந்து கூப்பிட்டா அது அழும். அழுதா இந்தக் கை என்ன செய்யும்னு பயமா இருக்கு அண்ணி."

மார்செல், "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றான்.

"சொன்னா புள்ளைய எடுத்துக்குவீங்க."

மாதலேன் குழந்தையைத் தனக்கொடியின் முன்னால் பாயில் உட்கார வைத்தாள். "கப்பலுக்கு இன்னும் நாள் இருக்கு. பேசிப் பாரு தனம்" என்று சொல்லிவிட்டு, தம்பியைத் தோளில் தொட்டு எழுப்பி வெளியே கூட்டிப்போனாள்.

தனக்கொடி எட்டிப்போகாமல் அங்கேயே இருந்தாள். என்ன பேசுவதென்று தெரியவில்லை. தெருமுனையில் ஏதோ படபடவென்று வெடித்தது. வியட்நாமியப் புத்தாண்டுப் பட்டாசாக இருக்கலாம். அவள் வலது கை தானாக எழுந்தது. அதைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். குழந்தை அவளைப் பார்க்கவில்லை. சுவரில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. அது பார்க்கும் இடத்தை அவளும் பார்த்தாள்.

"பல்லி" என்றாள். "பாப்பா, பல்லி."

பல்லி விட்டத்தை நோக்கி ஓடியது. குழந்தையின் கண்கள் அதோடு பாதி தூரம் போய் நின்றன. பிறகு மெல்லக் கீழே இறங்கின. தாயின் முகம்வரை வரவில்லை. அவள் கழுத்தில், குரல் துடித்துக்கொண்டிருந்த இடத்தில், வந்து நின்றன.